உன் பெருங்குடலும் மாமி வீட்டு மலசலகூடமும்

மகன், முதலில் ஸலாம். அதற்கடுத்து நான் சுகம், நீ சுகமா என்று ஒரு வரி எழுதினேன், எழுதிவிட்டு வெட்டிவிட்டேன். நான் சுகமில்லை, நீயும் சுகமில்லை, அது நம் இரண்டு பேருக்கும் தெரியும், பிறகு எதற்கு அந்தப் பொய். உன் மாமி வீடு இருக்கிற நிந்தவூரில் பஸ் ஏறினால் ஆற அமர உட்காருவதற்குள் இங்கே கல்முனைக்குடியில் இறங்கிவிடலாம், இதற்குள் என்ன கடிதம் வேண்டிக் கிடக்கிறது என்று நீ கேட்பாய். நீ ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆ முடிந்து வருகிறாய்தான். உன் மனைவி வருகிறாள், உன் இரண்டு பெண்பிள்ளைகளும் வருகிறார்கள், உன் தாத்தா, என் மூத்த மகள், சோறு போடுகிறாள், அவள் புருசன், உன் மச்சான், முன்னால் இருக்கிறார். அத்தனை பேருக்கும் நடுவில், இறைச்சிக் கறிக்கு மேலால் உன் குடலைப் பற்றி நான் எப்படிக் கதைப்பது? வட்சப்பில் குரல் பதிந்து அனுப்பினால் நீ கேட்பதில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டிவரும் என்று உனக்குத் தெரியும். ஆகவே எழுதுகிறேன். பெயர் போடாமல் அச்சுக்கும் கொடுக்கப் போகிறேன். நம் கரையோரத்தில் கலியாணத்தோடு பெண் வீட்டுக்குக் குடிபோய், மாமி வீட்டில் இருந்துகொண்டு அடக்கி அடக்கி வாழ்கிற மாப்பிள்ளைமார் உன்னைப்போல் இன்னும் இருப்பார்கள், அவர்களும் படிக்கட்டும். எனக்கு இனி வெட்கமில்லை. வெட்கம் இருந்த இடத்தைத்தான் டொக்டர்மார் வெட்டி எடுத்துவிட்டார்களே.

நான் விஞ்ஞான டீச்சராக இருந்த காலம் முழுக்கப் பெருங்குடலுக்கு இரண்டு வசனம்தான் ஒதுக்கினேன். சமிபாட்டுத் தொகுதிப் பாடம் வரும். பலகையில் இரைப்பையைக் கீறி, சிறுகுடலை நெளிநெளியாகக் கீறி, அதைச் சுற்றிப் பெருங்குடலைக் கதவு நிலை மாதிரி மூன்று பக்கமும் கீறுவேன். 'நீரை அகத்துறிஞ்சும். மலத்தைத் தேக்கி வைக்கும். எழுதிட்டீங்களா?' கடைசி வாங்கில் இருக்கிற ஒருத்தி வாயைப் பொத்துவாள், மற்றவள் தோளால் இடிப்பாள், நான் டஸ்டரை மேசையில் தட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். உணவு வாய்க்குள் போகிற கதையை ஒரு கிழமை முழுக்கப் படிப்பிக்கிற நாங்கள், அது வெளியேறுகிற கதையை ஒரு நிமிடத்தில் முடிப்போம். அந்த இரண்டு வசனத்தையும் இப்போது உனக்கு விரித்துச் சொல்கிறேன். டஸ்டரைத் தட்டி நிறுத்த ஆளில்லை, இருந்து கேள்.

அது வலது அடிவயிற்றில் தொடங்குகிறது. சிறுகுடல் வந்து ஒரு பையின் பக்கத்தில் திறக்கும். கீழ்ப்பக்கம் வழியில்லாத பை என்பதால் அதற்குக் குருட்டுக்குடல் என்று பெயர். நீ பள்ளிக்கூடம் போகிற காலத்தில் உனக்கு வெட்டி எடுத்தார்களே குடல்வால், அது அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கிருந்து மேலே ஏறி ஈரலுக்குக் கீழே திரும்பி, இரைப்பைக்கு அடியால் குறுக்கே போய், இடது பக்கம் மண்ணீரலுக்குக் கிட்ட மீண்டும் திரும்பி இறங்கி, இடுப்பெலும்புக்குள் ஒருதரம் நெளிந்து, பிறகு நேராகும். ஏறுகுடல், குறுக்குக்குடல், இறங்குகுடல், நெளிகுடல், நேர்குடல். முழு நீளமும் சேர்த்து உன் தோள் உயரம்தான் வரும். சிறுகுடல் அதைவிடப் பல மடங்கு நீளம், ஆனாலும் அகலத்தை வைத்து இதற்குத்தான் பெரிய பெயர். சிறுகுடல் சத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு கஞ்சித் தண்ணீர் மாதிரி ஒன்றைத்தான் இதற்குத் தள்ளும். மேல் வயலின் வடிச்சல் தண்ணீரைக் கீழ் வயல்காரன் மறித்து எடுப்பதை நீ வாய்க்கால் வேலையில் ஒவ்வொரு போகமும் பார்க்கிறவன். பெருங்குடல் அந்தக் கீழ் வயல்காரன். அவசரப்படாமல், ஒரு நாள், சிலநேரம் அதற்கும் மேலே எடுத்து, தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சி உடம்புக்குத் திருப்பிக் கொடுக்கும். நம்மால் சமிக்க முடியாத நாரை அங்கே குடியிருக்கிற பற்றீரியா தின்னும். தின்றுவிட்டு இரத்தம் உறைவதற்கு வேண்டிய விற்றமின் கேயையும் கொஞ்சம் செய்து தரும், காற்றையும் உண்டாக்கும். யாரும் நன்றி சொல்லாத வேலை.

எல்லாவற்றிலும் புத்திசாலி கடைசித் துண்டு, நேர்குடல். வந்து நிற்பது காற்றா, தண்ணீரா, கட்டியா என்று அதற்குத் தெரியும். அதன் முடிவில் இரண்டு வாசல். உள்வாசல் நம்மைக் கேட்காமல் திறக்கும். வெளிவாசல் நம் சொல் கேட்கும். தொழுகையில் நிற்கிற மனிதன் கைகால் கழுவி எடுத்த வுழு காற்றுப் பிரிந்து முறியாமல், கடைசி ஸலாம் கொடுக்கும்வரை தாக்குப்பிடிக்கிறானே, அது வெளிவாசலின் தயவு. எனக்கு அந்த இரண்டு வாசலும் இல்லை, நேர்குடலும் இல்லை. மிச்சக் குடலின் முனையை இடது பக்க வயிற்றில் துளை போட்டுத் தைத்து, அதற்கு மேல் ஒரு பை ஒட்டியிருக்கிறார்கள். அந்த முனை உதட்டின் உட்பக்கம் மாதிரிச் சிவப்பாக, ஈரமாக இருக்கும். தொட்டால் வலிக்காது, சொன்னால் கேட்காது. போன நோன்பில் பெண்கள் கூடி இரவுத் தொழுகை தறாவீஹ் தொழுகிற வீட்டுக்கு உன் தாத்தா என்னைக் கூட்டிப் போனாள். எல்லோரும் நெற்றியை நிலத்தில் வைத்து ஸுஜூதில் கிடந்த அமைதியில் என் பை சத்தம் போட்டது. சின்னச் சத்தமில்லை. பக்கத்தில் தொழுதவள் என்னிடம் படித்த பிள்ளை. அடுத்த ரக்அத்துக்கு எழும்பும்போது அவளுடைய பாய் ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. மௌலவியிடம் கேட்டோம். உங்களுக்குத் தக்க காரணம் இருக்கிறது, ஒவ்வொரு தொழுகை வக்துக்கும் புதிதாக வுழு எடுத்துத் தொழுங்கள், அல்லாஹ் ஏற்றுக்கொள்வான் என்றார். அல்லாஹ் ஏற்றுக்கொள்வான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பாய் நகர்ந்தது நகர்ந்ததுதான். அதற்குப் பிறகு நான் அறைக்குள் தனியாகத் தொழுகிறேன்.

இரத்தம் கண்ட முதல் மாதங்களில் நான் அதை மூலம் என்று முடிவு கட்டினேன். நாட்டு வைத்தியப் பரிசாரியிடம் குளிகை வாங்கித் தின்றேன், மாதுளம் தோலை அவித்துக் குடித்தேன். பெருங்குடலின் உட்சுவருக்கு வெட்டினாலும் சுட்டாலும் வலி தெரியாது, ஊதிப் பெருத்தால்தான் வலிக்கும் என்று படித்தவள் நான். அப்படியிருந்தும், வலி இல்லையே, வலி இல்லாத வருத்தம் என்ன வருத்தம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உன் பெரிய மாமா, என் காக்கா, குடல் புற்றுநோய் என்கிற இந்த வருத்தத்தில்தான் இளவயதில் மௌத்தானார். வீட்டில் குமர்ப்பிள்ளைகள் இருந்தார்கள், சம்பந்தம் பேச வருகிறவர்கள் பரம்பரையைத் தோண்டுவார்கள் என்று நாங்கள் ஊருக்கு 'வயித்துப்புண்' என்று சொன்னோம். சொல்லிச் சொல்லி நாங்களும் அதை நம்பிவிட்டோம். ஆஸ்பத்திரியில் லேடி டொக்டர் குடும்பத்தில் யாருக்கும் இருந்ததா என்று கேட்டபோது என் வாய் தானாக இல்லை என்றது. பிறகுதான் உண்மையைச் சொன்னேன். அவ பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தா.

"உங்களுக்குப் பிள்ளைகள் எத்தனை டீச்சர்?"

"ரெண்டு. மூத்தது பொம்பிளை, இளையது ஆம்பிளை."

"ரெண்டு பேரும் குடலுக்குள்ள கமரா போட்டுப் பாக்க வேணும். இது திடீரெண்டு வாறதில்லை. முதல்ல சின்ன சதைமுளையாத்தான் இருக்கும், பல வருசம் அப்பிடியே கிடக்கும். முளையா இருக்கேக்க கண்டா கமராவுக்குள்ளாலயே வெட்டி எடுத்துப்போடலாம். அதோட கதை முடிஞ்சுது."

உன் தாத்தா அடுத்த மாதமே போனாள். ஒரு முளை இருந்தது, எடுத்தார்கள், அதே நாள் பின்னேரம் வந்து மீன் வெட்டினாள். நீ வேலை இருக்கிறது, பார்ப்போம் என்றாய். பிறகு ஒருநாள் என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போய்த் திரும்பி வருகிற வழியில், ஓட்டோவில் என் பக்கத்தில் இருந்துகொண்டு, என் முகத்தைப் பாராமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்.

"உம்மா, எனக்கும் ரெத்தம் படுது."

"எப்ப இருந்து?"

"நோம்புக்கு முந்தி இருந்து. மூலமா இரிக்கும்."

என் வாயில் வந்த அதே சொல், அதே குரலில். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். நீ கையை இழுத்துக்கொள்ளவில்லை, அதுவரைக்கும் சந்தோசம். மறுநாளே டொக்டரிடம் ஓடினேன். திகதி தந்தார்கள், முதல்நாள் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற மருந்துத் தூளும் தந்தார்கள். நீ போகவில்லை. நான் கெஞ்சி இரண்டாவது திகதி எடுத்தேன். அதற்கும் நீ போகவில்லை. சாவுக்குப் பயம் என்று நினைத்து உனக்காக அழுதேன். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, மற்றவர்கள் முன்வாசலில் இருக்க, பின்னால் குழாயடியில் உன்னை மறித்துக் கேட்டேன்.

"மாமிட வீட்ட வெச்சி எப்பிடி உம்மா அதக் குடிக்கிற?" என்றாய்.

"ஏன், அங்க கோப்பை இல்லியா?"

"பகிடி பண்ணாதீங்க உம்மா. ஒரு கக்கூசுதான் இரிக்கி. அதும் சமைக்கிற குசினியோட ஒட்டி. மாமி எந்த நேரமும் குசினிக்குள்ளதான். அதக் குடிச்சா பத்து, பதினஞ்சு தரம் போகணுமாம். சும்மா நாளையிலயே வெளிய சத்தம் கேக்காம இரிக்க நான் குழாய முழுக்கத் தொறந்து உட்டுட்டுத்தான் குந்துற."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது மகன். வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. கலியாணம் முடித்து ஒன்பது வருடமாக நீ குழாயைத் திறந்துவிட்டு இருக்கிறாய். உன் மாமி நல்ல மனுசி, அவவில் நான் குறை சொல்லவில்லை. மீனில் நல்ல துண்டு உனக்குத்தான். நீ இருமிக்கொண்டு உள்ளே வந்தால் அவ முக்காட்டை இழுத்துக்கொண்டு குசினிக்குள் ஒதுங்குகிறா. மாப்பிள்ளை என்றால் அவ்வளவு மரியாதை. அந்த மரியாதைக்குள் உனக்கு வயிறு என்று ஒன்று இருக்கக்கூடாது. நீ வேலை செய்கிற கந்தோரில் போகிறாய், பள்ளிவாசலில் போகிறாய், இரண்டும் தோதில்லாவிட்டால் அடக்குகிறாய். நேர்குடல் கூப்பிடும், போகாவிட்டால் கொஞ்ச நேரத்தில் அலுத்துப்போய்ச் சும்மா இருக்கும். உள்ளே நிற்பதில் குடல் இன்னும் தண்ணீரை எடுக்கும், அது இறுகும், பிறகு முக்கி முக்கிப் போவாய், இரத்தத்தைக் கண்டால் இறுகினதால் வந்தது என்று சமாதானம் சொல்வாய். அப்படியும் இருக்கலாம். நான் சபிக்கவில்லை, மூலமாகவே இருக்கட்டும் என்றுதான் ஐந்து வக்தும் கேட்கிறேன். ஆனால் பார்க்காமல் யாருக்குத் தெரியும்?

அப்போது என் வாயில் வந்த அடுத்த சொல், இங்கே வந்து அந்த மருந்தைக் குடியேன் என்பது. இங்கே என்றால் எங்கே? இந்த வீட்டை என் வாப்பா எனக்குக் கட்டித் தந்தார். நான் அதை உன் தாத்தாவின் நிகாஹுக்கு எழுதிக்கொடுத்துவிட்டுப் பின்னால் இருக்கிற ஒற்றை அறைக்கு வந்தேன். மனவருத்தத்தோடு இல்லை, பெருமையோடு. குளிக்கிற அறையும் மற்றதும் எல்லோரும் இருக்கிற மண்டபத்துக்குப் பக்கத்தில். நீ சொன்னாய், "மச்சான் இரிக்கக்குள்ளயா? கொமர்ப் புள்ள வேற வீட்டுல இரிக்கி." உன் தாத்தாவின் மகள் உன் மடியில் வளர்ந்தவள், இப்போது பெரியவளாகிவிட்டாள் என்பதால் அவள் முன்னால் உனக்கு வயிறு கலங்கக்கூடாது. முதல்நாளே ஆஸ்பத்திரி வார்ட்டில் போய்ப் படு என்றேன். "நிந்தவூரான் ஒருத்தன் கண்டா அஸர் தொழுகைக்கு முந்தி மாமிக்குச் செய்தி போயிரும், மாப்புளைக்கு வருத்தமாம் எண்டு" என்றாய். உனக்கும் இரண்டு பெண்பிள்ளைகள். அவர்களுக்குச் சம்பந்தம் பேச இன்னும் எத்தனையோ வருடம் இருக்கிறது, அதற்குள் நீ ஊர் வாய்க்குப் பயப்படுகிறாய். காக்காவுக்கு வயிற்றுப்புண் என்று சொன்ன குடும்பத்தில் பிறந்தவன்தானே.

மூத்தவளுக்கு வீடு கட்டுகிறாய். சுவர் நிலைமட்டம் வரைக்கும் வந்துவிட்டது என்று உன் மனைவி சந்தோசமாகச் சொன்னாள். அது முடிந்தால் இளையவளுக்கு. இரண்டு வீட்டையும் கட்டி முடித்து இரண்டு மருமகன்மாரைக் கூட்டிவந்து இருத்திவிட்டு, நீ எந்த அறைக்குப் போவாய் என்று எனக்குத் தெரியும், என் அறை மாதிரி ஒன்றுக்கு. நம் வழக்கத்தை நான் எப்போதும் தலையில் தூக்கி வைத்துக் கதைத்தவள். மற்ற ஊர்களில் புருசன் துரத்தினால் பெண் தெருவில் நிற்பாள், நம் கரையில் அவளுக்குக் கூரை உண்டு என்று ஸ்டாஃப் ரூமில் எத்தனை பேரோடு வாதாடியிருக்கிறேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன், என் மகளுக்கு வீடு இருப்பதால்தான் நான் இப்போது நிம்மதியாகப் படுக்கிறேன். ஆனால் பெற்ற ஆண்பிள்ளைக்கு ஒரு நாள் வயிற்றைக் கழுவ இடமில்லாமல் போகும் என்று நான் யோசிக்கவில்லை. என் வாப்பாவும் யோசிக்கவில்லை, யாரும் யோசிக்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை, ஆகவே உன்மேல் கோபப்படுகிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உன் தாத்தாவுக்கு மட்டும் தெரியும். பெருங்குடலிலிருந்து போகிற இரத்தம் நேரே இதயத்துக்குப் போவதில்லை, பெரும்பாலும் முதலில் ஈரலுக்குப் போய்த்தான் திரும்பும். சத்தைக் கொண்டுபோகிற அதே வழியால் இதுவும் போகும். எனக்கு ஈரலில் வந்திருக்கிறது. கடைசி ஸ்கேனைப் பார்த்துவிட்டு டொக்டர், மருந்து ஏற்றலாம், கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்றா. எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, அவவும் சொல்லவில்லை. இந்த முறை அறுவடைக்குப் புது அரிசிச் சோறு தின்பேனா என்று தெரியாது. அழ வேண்டாம், அழுதால் மாமி ஏன் என்று கேட்பா. எனக்குப் பயமில்லை என்று எழுதினால் அதுவும் பொய். பயம்தான். ஆனால் என் சாவைவிட, நான் போன பிறகு ஒருநாள் நீயும் வயிற்றில் பையோடு, அந்தக் குசினிக்குப் பக்கத்துக் கதவுக்குள் குழாயைத் திறந்துவிட்டு நிற்கப் போகிறாய் என்கிற நினைப்புத்தான் என்னைத் தின்கிறது. அப்போது உனக்கு இரண்டு வீடு பாதியில் நிற்கும். பிள்ளைகள் யாரைப் பார்ப்பார்கள்?

நீ போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தபோது பின்னால் மேசன் வேலை நடப்பதைப் பார்த்தாய். என்ன கட்டுறாங்க என்று கேட்டாய், எனக்குத்தான் என்றேன். உண்மைதான். பையைக் கழுவ நான் மண்டபத்தைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. மருமகன், உன் மச்சான், ஒருநாளும் முகம் சுளித்ததில்லை, ஆனால் நான் உள்ளே போனால் சத்தமில்லாமல் எழும்பித் தெருச் சந்திக்குப் போய்விடுவார். அவர்தான் பார்த்துவிட்டு, "மாமிக்குப் பொறத்தால ஒண்டு கட்டுவம்" என்றார். என் அறையோடு சேர்த்துச் சின்னதாக ஒரு மலசலகூடம். வேலை முடிந்துவிட்டது. நான் இன்னும் பாவிக்கவில்லை, சீமெந்து காயட்டும் என்று எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். சீமெந்து எப்போதோ காய்ந்துவிட்டது.

வருகிற செவ்வாய்க்கிழமை உனக்கு மூன்றாவது திகதி. டொக்டர் ஏசினா, ஏசிவிட்டுத் தந்தா. திங்கட்கிழமை காலையில் வா. மாமியிடம், உம்மாவுக்கு ஏலாது, ராவும் அங்க தங்கிப் பாத்துட்டு வாறன் என்று சொல்லு. எனக்கு ஏலாதுதானே, அதில் பொய்யில்லை. உன் தாத்தா மகளைக் கூட்டிக்கொண்டு சாய்ந்தமருதுக்கு மச்சானுடைய தங்கச்சி வீட்டுக்குப் போகிறாள். மச்சான் கடையில் இருந்து ராவு இஷா தொழுதுவிட்டுத்தான் வருவார், நீ வருகிற காரணம் அவருக்குத் தெரியும், தெரியாத மாதிரியே இருப்பார். நான் காலையில் கஞ்சியை வடித்துத் தெளிவைத் தருவேன். அதற்குப் பிறகு பாலில்லாத பிளேன்டீயும் இளநீரும்தான். அந்தத் தூள் கடல் தண்ணீர் மாதிரி உப்புக் கரிக்கும், புளிப்புக்குத் தேசிக்காய் வெட்டி வைக்கிறேன், இடையிடையே நக்கிக்கொள். கடைசியில் வெறும் தண்ணீராக, தெளிவாகப் போக வேண்டும், அப்போதுதான் கமராவுக்குச் சுவர் தெரியும். எத்தனை தரம் போக வேண்டுமோ அத்தனை தரம் போ.

இந்த அறையும் அந்த மலசலகூடமும்கூட உன் தாத்தாவின் காணியில்தான் நிற்கிறது. நான் மௌத்தான பிறகு அங்கே வர நீ மறுபடி இருமிக்கொண்டுதான் வர வேண்டியிருக்கும். நான் இருக்கும்வரை அது உம்மா வீடு. அது எத்தனை நாளைக்கு என்று யாருக்கும் தெரியாது. இவ்வளவையும் எழுதிவிட்டு, நீ வரமாட்டாய் என்றுதான் மனம் சொல்கிறது. இரண்டு முறை வராமல் இருந்தவன். திங்கட்கிழமை பொழுது பட்டபிறகும் நான் வெட்டிய தேசிக்காயைப் பார்த்துக்கொண்டு இருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் வாளியில் தண்ணீர் நிரப்பி வைக்கிறேன். கதவின் உள்தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தேன், நன்றாக விழுகிறது. நான் வெளியே கதிரையில் இருப்பேன். நீ குழாயைத் திறந்துவிட வேண்டாம் மகன். கேட்பதற்கு நான் ஒருத்திதான், எனக்கு அது கேட்க வேண்டும்.